கைகாட்டியதிலிருந்து கண்சிமிட்டும் விளக்கு வரை

 

பரிசளிப்பு விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று பள்ளியிலிருந்து கேட்டு வந்தார்கள். காரின் முன்பக்கத்துச் சிக்னல் விளக்கைப் பற்றி எழுதித் தருகிறேன் என்றேன். கேட்க வந்த ஆசிரியை சிரித்துவிட்டார். "என்னங்க ஐயா, சோழர் வரலாறு எழுதுவீங்கன்னு பார்த்தா, பல்பு வரலாறு எழுதுறேங்கிறீங்களே!" என்றார். சோழர் வரலாற்றை எழுத அறிஞர் பெருமக்கள் இருக்கிறார்கள். நானோ இப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்துவிட்டு, முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிப் பிள்ளைகளுக்கு வேன் ஓட்டிப் பிழைத்தவன். எனக்குத் தெரிந்த வரலாறு சாலையில் கிடக்கிறது. அதில் ஒரு பகுதியை நான் கற்றுக்கொண்டது என் தவற்றால்தான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1980-களின் கடைசியில் ஒரு நாள். கோல சிலாங்கூர்ப் பக்கம், பெரிய சாலையிலிருந்து வலது பக்கம் திரும்பித் தோட்டத்துக்குள் போகவேண்டும். பள்ளி விட்டு, மதிய வெயிலில், வேன் நிறையப் பிள்ளைகள். வேகத்தைக் குறைத்தேன். வலது பக்கச் சிக்னலைப் போட்டேன். எதிரே ஒரு மோட்டார் சைக்கிள் வந்துகொண்டிருந்தது. பால் எடுத்து முடித்துவிட்டு வீட்டுக்குப் போகிற ஒரு பால்மரத் தொழிலாளி. நான் சிக்னல் போட்டிருக்கிறேனே, பார்த்து மெதுவாக வருவார் என்று நினைத்து வளைத்தேன். அவரோ, வேன் நேராகத்தான் போகப்போகிறது என்று நினைத்து வந்துவிட்டார். பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, கடவுள் புண்ணியம். அவருக்குக் காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிந்தது. இன்றும் சற்றுச் சாய்ந்துதான் நடக்கிறார்.

ஆஸ்பத்திரியில் கட்டிலில் படுத்துக்கொண்டு அவர் என்னைத் திட்டவில்லை. "அண்ணே, சிக்னல் போட்டிருந்தா நான் நின்னிருப்பேனே" என்றுதான் கேட்டார். "போட்டேன் தம்பி" என்றேன். "எனக்குத் தெரியலையேண்ணே" என்றார்.

இருவர் சொன்னதும் உண்மை. போலீஸ்காரர் வேனைச் சோதித்தபோது பின்பக்கச் சிக்னல் நன்றாக எரிந்தது. முன்பக்க வலது விளக்கு மட்டும் இருட்டு. கழற்றிப் பார்த்தால் பல்பின் உள்ளே இழை அறுந்து, கண்ணாடி கறுத்துப்போயிருந்தது. ஒரு வெள்ளிகூடப் பெறாத சாமான். எதிரே வருகிறவருக்கு வழிவிட வேண்டியது வளைக்கிற என் கடமை. அந்தக் குற்றத்தைப் பல்பின் தலையில் போட நான் வரவில்லை. ஆனால் அந்தப் பல்பு எத்தனை நாளாகச் செத்துக் கிடந்ததோ, நான் ஒரு நாளும் பார்க்கவில்லை. ஓட்டுகிறவன் இருக்கையில் உட்கார்ந்தபடி முன்பக்கச் சிக்னலைப் பார்க்கவே முடியாது. அது அவனுக்காக வைத்த விளக்கு அல்லவே, எதிரே நிற்பவனுக்காக வைத்த விளக்கு.

அன்றிலிருந்து இந்த விளக்கு எப்படி வந்தது, யார் வைத்தார்கள் என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க ஒன்று விளங்கியது. மோட்டார் வாகனத்தின் வரலாற்றில், எதிரே வருகிறவனைப் பற்றி மனிதர்கள் யோசித்தது மிகவும் தாமதமாகத்தான்.

கொஞ்சம் பின்னோக்கிப் போவோம். சிங்கப்பூர்த் தீவுக்கு முதல் மோட்டார் வண்டி 1896-ஆம் ஆண்டில் வந்தது. அது ஜெர்மனியின் பென்ஸ் வண்டி. சிங்கப்பூரின் பழைய வரலாற்றை நூலாக எழுதிய சார்லஸ் பக்லி என்ற வெள்ளைக்காரர் ஓட்டிய வண்டிக்கு ஜனங்கள் "காப்பி மெஷின்" என்று பெயர் வைத்தார்களாம். அந்தச் சத்தமும் புகையும் அப்படி! அன்றைய சாலைகள் குதிரை வண்டிக்கும், ரிக்சாவுக்கும், நம்மவர்கள் ஓட்டிய மாட்டு வண்டிக்கும் உரியவை. மாட்டு வண்டியில் தண்ணீர் கொண்டு போனதால்தான் சிங்கப்பூரில் ஓர் இடத்துக்கே கிரேத்தா ஆயர், அதாவது தண்ணீர் வண்டி, என்று பெயர் நிலைத்தது. மலாய்க்காரர்கள் அன்று மாட்டு வண்டிக்குச் சொன்ன அதே "கெரெத்தா" என்ற சொல்தான் இன்று காருக்கும் பெயர். நம் தோட்டத்துப் பேச்சில் அது "காடி". அந்தக் காலத்தில் திரும்பப் போகிறேன் என்று சொல்ல விளக்கு எதற்கு? வண்டிக்காரர் ஒரு சத்தம் கொடுத்தால் போதும். மாடு போகிற வேகத்தில் எதிரே வருகிறவர் நின்று நலம் விசாரித்துவிட்டே ஒதுங்கலாம்.

மோட்டாரின் வேகம் கூடக்கூட, வாய்ச்சத்தம் எடுபடவில்லை. கையை நீட்டத் தொடங்கினார்கள். பிரிட்டனில் 1931-ஆம் ஆண்டு சாலை விதிகளைத் தொகுத்து "ஹைவே கோட்" என்ற சிறு நூலை அரசாங்கம் வெளியிட்டது. விலை ஒரு பென்னி. அதில் கைச் சைகைகளுக்குத் தனி இடம் இருந்தது. குதிரை வண்டிக்காரர்கள் சாட்டையால் எப்படிச் சைகை காட்ட வேண்டும் என்றுகூடச் சொல்லியிருந்தார்கள். ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த நம் நாட்டிலும் அதே வழக்கம்தான். சாலையின் இடது பக்கம் ஓட்டுகிறோம், ஓட்டுநர் வலது பக்கம் உட்கார்ந்திருக்கிறார். வலது பக்கம் திரும்ப வேண்டுமானால் வலது கையை வெளியே நேராக நீட்ட வேண்டும். இடது பக்கம் திரும்புவதற்கு இடது கையை நீட்டினால் யாருக்குத் தெரியும்? அதனால் அதே வலது கையைக் கடிகாரச் சுற்றுக்கு எதிராக வட்டமாகச் சுற்ற வேண்டும். வேகத்தைக் குறைப்பதற்குக் கையை மேலும் கீழும் ஆட்ட வேண்டும். லோரிகளில் இந்தச் சிரமம் கொஞ்சம் குறைவு. இடது பக்கம் உட்கார்ந்த கெலிண்டான் கதவைப் படபடவென்று தட்டிக்கொண்டே கையை நீட்டிவிடுவான்.

இந்தக் கைச் சைகையில் ஒரு நல்ல குணம் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே நீண்ட கை பின்னால் வருகிறவருக்கும் தெரியும், முன்னால் வருகிறவருக்கும் தெரியும். ஆனால் நம் ஊர் மழையில் யார் ஜன்னலை இறக்குவது? இரவில் கறுத்த கை யாருக்குத் தெரியும்? ஆகவே கையின் இடத்தில் ஒரு கருவியை வைக்கும் முயற்சி பல நாடுகளில் நடந்தது. பெர்சி டக்ளஸ் ஹாமில்டன் என்பவர் அமெரிக்காவில் கை வடிவத்தில் விளக்கு எரியும் ஓர் அமைப்பை உருவாக்கி 1909-இல் காப்புரிமை பெற்றார். மனிதக் கையை மறக்க அவருக்கும் மனம் வரவில்லை போலும்.

அடுத்து வருகிறவர் ஒரு பெண்மணி. மாணவிகளே, இதைக் கவனித்துப் படியுங்கள். புளோரன்ஸ் லாரன்ஸ் என்பவர் கனடாவில் பிறந்து அமெரிக்காவில் புகழ்பெற்ற ஊமைப்பட நடிகை. நடிகர்களின் பெயரைப் படத்தில் போடாத காலத்திலேயே ஜனங்கள் பேர் தெரியாமல் அவரைக் கொண்டாடினார்கள். அவருக்குக் கார் ஓட்டுவதில் கொள்ளை ஆசை. 1914-ஆம் ஆண்டு வாக்கில், ஒரு பொத்தானை அழுத்தினால் காரின் பின்பக்கத்தில் ஒரு கொடி எழுந்து, எந்தப் பக்கம் திரும்பப் போகிறோம் என்று காட்டும் கருவியை அவர் அமைத்தார். பிரேக்கை மிதித்தால் "நில்" என்ற பலகை எழும்படியும் செய்தார். இரண்டுக்கும் அவர் காப்புரிமை வாங்கவில்லை. அதனால் காசும் வரவில்லை, பெயரும் நிற்கவில்லை. அவருடைய தாயார் சார்லட் பிரிட்ஜ்வுட், மழை துடைக்கும் வைப்பரை மின்சாரத்தால் இயக்கும் முறைக்கு 1917-இல் காப்புரிமை வாங்கினார். அதுவும் அவருக்குப் பலன் தரவில்லை. தாயும் மகளுமாக இரண்டு பெண்கள் சிந்தித்ததைத்தான் இன்று ஒவ்வொரு காரும் வேறு உருவத்தில் சுமந்துகொண்டு ஓடுகிறது. புளோரன்ஸ் லாரன்ஸ் திரையுலகில் ஒதுக்கப்பட்டு, மனம் நொந்து, 1938 டிசம்பரில் காலமானார்.

அவருடைய கொடியும் பின்பக்கத்தில்தான் எழுந்தது என்பதை நினைவில் வையுங்கள். பின்னால் வருகிறவன் மோதிவிடக் கூடாது என்ற கவலைதான் முதலில் வந்தது.

ஐரோப்பாவில் வேறு வழி பிடித்தார்கள். ரயில் கைகாட்டி மரத்தைப் போல, காரின் பக்கவாட்டிலிருந்து ஒரு சிறு கை வெளியே நீளும். ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1928-இல் இப்படிப்பட்ட கைகாட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆங்கிலேயர்கள் இதை டிராபிகேட்டர் என்றார்கள். நம் பெரியவர்கள் பலர் இதைக் கண்ணால் கண்டிருப்பார்கள். 1948-இல் இங்கிலாந்தில் வெளிவந்த மோரிஸ் மைனர் கார் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் நிறைய ஓடியது. அதன் முன்கதவுக்கும் பின் ஜன்னலுக்கும் நடுவிலுள்ள தூணில் இந்தக் கை மடங்கிக் கிடக்கும். சுவிட்சைத் திருப்பினால் உள்ளே இருக்கும் கம்பிச் சுருளில் மின்சாரம் பாய்ந்து காந்தமாகி, கையைத் தூக்கிவிடும். அதன் வயிற்றுக்குள் 3 வாட்ஸ் பல்பு ஒன்று, பட்டாசுத் திரி போல நீளமாக, இரண்டு முனையிலும் தொப்பி வைத்ததாக இருக்கும். கை எழுந்ததும் ஆரஞ்சு நிறத்தில் ஒளி தெரியும்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசரிடம் அப்படி ஒரு மோரிஸ் மைனர் இருந்தது. பாதி நேரம் கை எழாது. டிரசர் உள்ளே இருந்தபடி தூணில் ஓங்கி ஒரு குத்து விடுவார்; கை சட்டென்று எழும். சில நேரம் எழுந்த கை இறங்காது. அப்படியே நீட்டிக்கொண்டு லயத்து வாசல் வரை வருவார். பிள்ளைகள் நாங்கள் "டிரசர் காடி கை தூக்குது" என்று கத்திக்கொண்டு பின்னாலேயே ஓடுவோம். பல்பு அவிந்தால் அவரே மாற்றுவார். கையின் நுனியிலுள்ள சின்ன ஸ்குரூவைக் கழற்றி, மூடியை உருவி, பல்பை மாற்றி மாட்டிவிடுவார். ஐந்து நிமிட வேலை. பட்டறைக்குப் போன ஞாபகமே எனக்கில்லை.

அந்தக் கைகாட்டி, மனிதக் கையைப் போலவே, முன்னாலும் பின்னாலும் தெரிந்தது. ஆனாலும் அது ஒடியும், மழைத்தண்ணீர் இறங்கித் துருப்பிடிக்கும், பகல் வெயிலில் ஒளி மங்கும். அதனால் அதன் காலம் முடிந்தது. பீட்டல் என்று நாம் சொல்லும் வோக்ஸ்வேகன் ஐரோப்பாவில் 1960 வரை அதை வைத்திருந்தது. மோரிஸ் மைனர் 1961-இல் கைவிட்டது.

அதன் இடத்தைப் பிடித்தது கண்சிமிட்டும் விளக்கு. அமெரிக்காவில் பியூக் நிறுவனம் 1939-ஆம் ஆண்டு மாடல் கார்களில் சிமிட்டும் திசை விளக்கைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி விற்றது. எந்தப் பக்கம் தெரியுமா? பின்பக்கம் மட்டும்! மறு ஆண்டு, 1940 மாடலில்தான் முன்பக்கத்துக்கும் விளக்கு வந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பி நேராக்கியதும் சிக்னல் தானாக நிற்கும் ஏற்பாடும் அந்த ஆண்டில்தான். என் வேனில் செத்துக் கிடந்த அந்த விளக்கின் மூதாதை 1940-இல் பிறந்தது என்று வைத்துக்கொள்ளலாம். எதிரே வருகிறவனுக்கும் தெரிய வேண்டும் என்று அதற்கு முன் அந்த நிறுவனத்தில் யாரும் வற்புறுத்தவில்லையா என்று இன்றும் எனக்குத் தோன்றும்.

அப்போது முன்விளக்கின் நிறம் வெள்ளை. பக்கத்திலேயே வெள்ளை ஹெட்லைட் எரிகிறது, வெயிலில் பம்பர் வேறு பளபளக்கிறது. அந்தக் கூட்டத்தில் இன்னொரு வெள்ளை சிமிட்டினால் யார் கண்ணுக்குப் படும்? அமெரிக்கக் கார்களில் 1963 மாடல் முதல் முன்சிக்னலுக்கு ஆரஞ்சு நிறம் பரவலாக வந்தது. பிரிட்டனில் 1965 செப்டம்பர் முதல் புதிதாகச் சாலைக்கு வரும் கார்களின் திசை விளக்குகள் ஆரஞ்சாகவே இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். ஆக, நாம் சாதாரணமாக நினைக்கும் இந்த ஆரஞ்சு விளக்கு, எதிரே நிற்பவனுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக இருபது முப்பது ஆண்டுகள் திருத்தித் திருத்திக் கிடைத்தது.

சிமிட்டுவது எப்படி என்று மாணவர்கள் கேட்பீர்கள். பழைய கார்களில் தீப்பெட்டி அளவில், பிளாஷர் என்று ஒரு சின்ன டப்பா இருக்கும். அதற்குள் இரண்டு வகை உலோகத்தை ஒட்டிச் செய்த தகடு. மின்சாரம் பாய்ந்ததும் சூடாகும். இரண்டு உலோகமும் ஒரே அளவில் விரியாது, ஆகவே தகடு வளையும். வளைந்ததும் இணைப்பு அறுந்து விளக்கு அணையும். ஆறியதும் நிமிர்ந்து மறுபடி இணையும், விளக்கு எரியும். "டிக்... டிக்..." என்று கேட்கிறதே, அது அந்தத் தகட்டின் சத்தம். இப்போதைய கார்கள் பலவற்றில் தகடும் இல்லை, ஒன்றும் இல்லை. பழக்கத்துக்காக ஸ்பீக்கரிலிருந்து அந்தச் சத்தத்தைப் பொய்யாக வரவழைக்கிறார்கள்! நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை சிமிட்ட வேண்டும் என்பது உலக வழக்கு. பழைய சிரிப்புக் கதை ஒன்று உண்டு. முதலாளி தன் ஆளைக் கீழே இறங்கிச் சிக்னல் எரிகிறதா பார் என்றாராம். அவன் பார்த்துவிட்டு, "எரியுது... எரியல... எரியுது... எரியல..." என்றானாம். எல்லாரும் கேட்டதுதான். ஆனாலும் ஒன்று சொல்கிறேன், அவன் இறங்கிப் போயாவது பார்த்தான். நான் பார்க்கவில்லை.

அந்த டப்பா இன்னொரு வேலையும் செய்கிறது. ஒரு பல்பு அறுந்தால் மின்சாரம் குறைவாக ஓடும். அது தெரிந்து பிளாஷர் வழக்கத்தை மாற்றிக்கொள்ளும். பல கார்களில் "டிக்டிக்டிக்" என்று பதறிப்போய் வேகமாக அடிக்கும். சில பழைய வண்டிகளில் சிமிட்டாமலே நின்றுவிடும். என் வேனும் எத்தனையோ நாள் என்னிடம் பதறியிருக்கும். உள்ளே பிள்ளைகள் கூச்சல், ரேடியோவில் பாட்டு; என் காதில் விழவில்லை.

இனி நம் கதைக்கு வருவோம். இந்தச் சிக்னலுக்கும் தோட்டத்து மக்களுக்கும் என்ன உறவு? வெள்ளைக்காரர் காலத்தில் தோட்டத்தில் கார் வைத்திருந்தவர்கள் துரை, சின்னத் துரை, டிரசர், கிராணி என்று விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். துரை கார் வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டிய தோட்டங்கள் இருந்தன. கார் எந்தப் பக்கம் திரும்பும் என்று பார்த்து ஒதுங்கி நின்றவர்கள் நாம். அதாவது, எத்தனையோ காலம் நாம் சிக்னலுக்கு எதிரே நின்ற ஜனங்கள்.

பிறகு காலம் மாறியது. 1985 ஜூலை 9-ஆம் நாள் புரோட்டோன் சாகா வெளிவந்தது. 1994-இல் பெரோடுவா கஞ்சில் வந்தது. தவணை கட்டி வாங்கினார்கள், பழைய காராக வாங்கினார்கள். தோட்டத்தை விட்டுப் பட்டணத்து ஓரங்களுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களிலும் ஒரு கார் நின்றது. பால் வாளி சுமந்த கை ஸ்டியரிங்கைப் பிடித்தது. இது சிறிய மாற்றம் அல்ல. சிக்னலைப் பார்த்து நின்றவர்கள், சிக்னல் போடுகிறவர்கள் ஆனோம். இப்போது நமக்கு எதிரே யாரோ நிற்கிறார்கள். சைக்கிளில் ஒரு பிள்ளை, மோட்டார் சைக்கிளில் ஒரு செம்பனைத் தொழிலாளி, பையைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடக்கும் ஒரு பாட்டி.

பஸ், லோரி, டாக்சி போன்றவற்றுக்கு இந்நாட்டில் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை சோதனை உண்டு. நம் வீட்டுக் காரை அப்படி ஆண்டுதோறும் யாரும் சோதிப்பதில்லை. விளக்கு எரியாவிட்டால் போலீஸ் சம்மன் கொடுக்கலாம். ஆனால் அதற்கு அவர் கண்ணில் பட வேண்டும். ஆகவே வீட்டுக் காரின் சோதனை அதிகாரி வீட்டுக்காரர்தான். பல்பின் விலையோ ஒரு ரொட்டி சானாயும் ஒரு தே தாரேயும் ஆகிற செலவு. இதற்காகப் பட்டறையில் அரைநாள் காத்துக்கிடக்க வேண்டியதில்லை. எப்படி மாற்றுவது என்று சொல்கிறேன், வேண்டியவர்கள் செய்து பாருங்கள்.

முதலில் காரோடு வந்த கையேட்டைப் பாருங்கள். எந்தப் பல்பு, எந்த வழியாகக் கழற்றுவது என்று அதில் இருக்கும். கையேடு இல்லையென்றால் பழைய பல்பைக் கழற்றிக் கடைக்கே கொண்டுபோய், இதைப் போலவே வேண்டும் என்று கேளுங்கள். பெரும்பாலும் 12 வோல்ட், 21 வாட்ஸ். இங்கேதான் பலர் ஏமாந்துபோவது. சிக்னலின் மூடிக் கண்ணாடி ஆரஞ்சாக இருந்தால் பல்பு வெள்ளையாக இருக்கும். மூடி வெள்ளையாக இருந்தால் பல்பு ஆரஞ்சாக இருக்க வேண்டும். இரண்டையும் மாற்றிப் போட்டுவிடக் கூடாது என்பதற்காகவே, பித்தளை அடிப்பாகம் உள்ள பல்புகளில் வெள்ளைப் பல்பின் இரண்டு முனைகளும் நேர் எதிரெதிரே இருக்கும். ஆரஞ்சுப் பல்பில் அவை சற்றுக் கோணலாக, 150 பாகையில் இருக்கும். ஹோல்டரில் பொருந்தாவிட்டால் பலத்தைக் காட்டாதீர்கள், அது தவறான பல்பு. ஒரே பல்பில் பார்க்கிங் விளக்கும் சிக்னலும் சேர்ந்து, இரண்டு இழையோடு வருவதும் உண்டு. அதில் ஒரு முனை மேலே, ஒரு முனை கீழே இருக்கும். தலைகீழாகத் திணித்தால் விளக்கு குழம்பிவிடும். சில கார்களில் பித்தளையே இல்லாமல் அடியில் தட்டையான கண்ணாடியோடு பல்பு வரும். அதை நேராக இழுத்தால் வந்துவிடும், நேராக அழுத்தினால் உட்காரும்.

எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிடுங்கள். சற்றுமுன் எரிந்த பல்பு கையைச் சுடும், ஆறட்டும். சில பழைய கார்களில் வெளியிலிருந்தே இரண்டு ஸ்குரூவைக் கழற்றினால் மூடி வந்துவிடும். பல கார்களில் போனட்டைத் திறந்து, விளக்கின் பின்னால் கையை விட்டு, ஹோல்டரை இடது பக்கம் கால் சுற்றுத் திருப்பினால் பல்போடு கையில் வரும். ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள், ஹோல்டரைப் பிடியுங்கள். பேட்டரியோ வேறு எதுவோ இடத்தை அடைத்துக்கொண்டு கை போகாத கார்களும் உண்டு. அவற்றில் சக்கரத்துக்கு மேலுள்ள பிளாஸ்டிக் தடுப்பைச் சற்று விலக்கித்தான் போக வேண்டும். வலது விளக்குக்கு ஸ்டியரிங்கை இடது பக்கம் முழுக்க வளைத்தால் சக்கரத்தின் முன்பகுதி உள்ளே ஒதுங்கி இடம் கொடுக்கும். இந்த வகைக் காரை வடிவமைத்தவர் ஒரு நாளாவது தம் கையால் பல்பை மாற்றியிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

பித்தளைப் பல்பை மெதுவாக உள்ளே அழுத்தி, இடது பக்கம் திருப்பினால் வெளியே வரும். உடனே புதியதைப் போட்டுவிடாமல் ஹோல்டரின் உள்ளே பாருங்கள். நம் ஊர் ஈரத்தில் பச்சைப் பாசி போலச் செம்புக்களிம்பு படிந்திருக்கும். பாதி நேரம் பல்பு நல்ல பல்புதான், களிம்புதான் மின்சாரத்தைத் தடுக்கும். சாண்ட் பேப்பரைச் சுருட்டி லேசாகத் தேய்த்துவிடுங்கள். ரப்பர் வளையம் நைந்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். மழைத்தண்ணீர் புகுந்தால் புதுப் பல்பும் நாளை போய்விடும். புதிய பல்பைச் சுத்தமான துணியால் பிடித்து, அழுத்தி, வலது பக்கம் திருப்பி உட்கார வையுங்கள். ஆரஞ்சுப் பல்பின் சாயம் நாளடைவில் உரிந்து வெள்ளை ஒளி தெரிய ஆரம்பித்தாலும் அதை மாற்ற வேண்டியதுதான், எரிகிறதே என்று விட்டுவிடக் கூடாது.

இப்போது இளைஞர்கள் எல்இடி பல்பு வாங்கிப் போடுகிறார்கள். அது மிகக் குறைந்த மின்சாரத்தில் எரிவதால், பழைய பிளாஷர் பல்பு அறுந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு வேகமாக அடிக்கும். பிறகு உண்மையாகவே ஒரு பல்பு அறுந்தாலும் உங்களுக்கு வித்தியாசம் தெரியாது. காரோடு வந்த வகையையே போடுவது நல்லது என்பது என் கருத்து. தொழிற்சாலையிலேயே எல்இடி பொருத்தி வரும் புதிய கார்களில் பல்பைத் தனியாக மாற்ற முடியாது, விளக்கையே முழுசாக மாற்ற வேண்டும். அதற்குப் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

மாற்றி முடித்ததும், நான்கு விளக்கும் சேர்ந்து சிமிட்டும் அபாய விளக்குச் சுவிட்சைப் போட்டுவிட்டுக் காரை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். இரவில் வீட்டுச் சுவரைப் பார்த்து நிறுத்தினால் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரியும். சுவரின் இரண்டு பக்கமும் ஆரஞ்சு ஒளி விழும். வாரத்துக்கு ஒரு முறை போதும். சுவிட்ச் பேச்சு வந்ததால் இன்னொன்று. கனத்த மழையில் சிலர் அந்த அபாய விளக்கைப் போட்டுக்கொண்டே ஓட்டுகிறார்கள். நான்கும் ஒன்றாகச் சிமிட்டும்போது, இவர் வலது பக்கம் வளைக்கப் போகிறாரா, இடது பக்கமா என்று எதிரே வருகிறவர் எப்படித் தெரிந்துகொள்வார்?

என் வேனில் அடிபட்ட அந்தத் தம்பிக்கு இப்போது வயதாகிவிட்டது. மகன் வீட்டில் இருக்கிறார். போன தீபாவளிக்குப் போயிருந்தேன். வாசலில் மகனுடைய கார் நின்றது. உள்ளே "டிக்டிக்டிக்" என்று வேகமாக அடிக்கிறது என்று பேச்சுவாக்கில் மகன் சொன்னார். போனட்டைத் திறந்து பார்த்தோம். முன்பக்கம், அதுவும் வலது பக்கம்தான். பக்கத்துப் பெட்ரோல் நிலையத்தில் பல்பு கிடைத்தது. நான் ஹோல்டரைத் துடைத்து மாட்டினேன். தம்பி சாய்ந்து சாய்ந்து நடந்து போய், ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து சுவிட்சைத் தட்டினார். நான் காருக்கு எதிரே நின்றேன்.

"தெரியுதாண்ணே?" என்று உள்ளிருந்து கேட்டார்.

தெரியுது தம்பி என்றேன். அதற்குள் சாப்பிட வரச்சொல்லிக் கூப்பிட்டுவிட்டார்கள்.